விடுபட்டவர்கள்: ஒரு சொல்லும் ஓர் ஏரிக்கரையும்

அரசு அலுவலகங்களின் தமிழில் ஒரு சொல் அடிக்கடி வரும்: விடுபட்டவர்கள். 'விடுபட்ட பயனாளிகளுக்கான சிறப்பு முகாம்', 'வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள்', 'உரிமைத் தொகை பெறாமல் விடுபட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்' என்று செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. இதே நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஃபாலிங் த்ரூ த கிராக்ஸ்' என்பார்கள். பலகைத் தளத்தின் இடுக்கு வழியே நழுவிக் கீழே போய்விடுவது என்று பொருள். இரண்டு மொழிச் சொல்லிலும் ஓர் ஆளைக் காணோம். ஆங்கிலத்தில் அந்தத் தளத்தைப் பாவிய தச்சர் இல்லை. தமிழில் அந்தப் பட்டியலை எழுதிய கை இல்லை. மழை பெய்தது, மரம் சாய்ந்தது என்பதுபோலப் பெயர் விடுபட்டது.

தமிழ்ச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. விடுபடுதல் என்றால் தளை நீங்குதல். செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பத்தையும் 'கொத்தடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள்' என்றுதான் எழுதுகிறோம். விழுப்புரத்துக்கு மேற்கே காணை ஒன்றியம் தொடங்கி வடக்கே திண்டிவனம் வரையிலான ஊர்களில் வாழும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே ஆள் இந்த இரண்டு பொருளிலும் விடுபட்டவராக இருக்கிறார். சூளையிலிருந்து விடுபட்டார், ரேஷன் பட்டியலிலும் விடுபட்டார்.

இவர்கள் தவறி விழுந்தவர்கள் அல்லர் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒவ்வொரு விடுபடலுக்கும் ஒரு மேசை உண்டு, ஒரு விதி உண்டு, அந்த விதி வந்த ஆண்டும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்ட முடியும்.

எழுதப்பட்ட பெயர்

அரசுக்கு இருளரைத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. 1906இல் டபிள்யூ. ஃபிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலேயே செஞ்சி மலைப்பகுதி இருளர் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் அவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு. விடுதலைக்குப் பின் அரசமைப்பின் பழங்குடியினர் பட்டியலில் இருளர் இடம்பெற்றனர். அதற்கும் மேலாக, மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று நடுவண் அரசு தனியே வகைப்படுத்தியுள்ள 75 குழுக்களில் தமிழ்நாட்டின் ஆறு குழுக்கள் அடங்கும்: தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அவர்களில் இருளர் மட்டும் 1.9 இலட்சத்தை ஒட்டி வருவர். பழங்குடி என்றதும் நமக்கு நீலகிரியும் கல்வராயன் மலையும் நினைவுக்கு வருகின்றன. இருளரில் பெரும்பகுதியினரோ திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் சமவெளிகளில் வாழ்கிறார்கள். ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் ஊருக்கு வெளியே நான்கு வீடு, பத்து வீடு என்று சிதறியிருக்கிறார்கள். வயலில் எலி பிடிப்பது, தோப்புக்குக் காவல் இருப்பது, ஏரியில் மீன் பிடிப்பது, கரும்பு வெட்டுவது, வேலிக்காத்தான் வெட்டிக் கரி மூட்டம் போடுவது, செங்கல் அறுப்பது என்று பிழைப்பு.

மலைப் பழங்குடிக்குத் தனிப் பள்ளி, தனித் திட்டம், தனி அலுவலர் என்று அரசு சிறிதளவாவது ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. சமவெளியில் சிதறிக் கிடக்கும் பத்து வீட்டுக் குடியிருப்பு எந்த ஊராட்சியிலும் வாக்குக் கணக்கைப் புரட்டாது. மலையில் வாழாத பழங்குடி என்பதே பல அலுவலர்களுக்கு முதல் ஐயமாகி விடுகிறது. எண்ணிக்கையும் பழையது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் திட்டங்கள் இன்னும் 2011இன் எண்ணை வைத்தே தீட்டப்பட்டு வந்திருக்கின்றன. அந்த ஆண்டில் பிறந்த குழந்தை இன்று உயர்நிலைப் பள்ளி வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு தாளுக்கு இன்னொரு தாள்

காணை ஒன்றியத்து ஏரிக்கரை ஒன்றில் வாழும் ஓர் இருளர் தம்பதிக்குக் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவம் நடந்தால் பிறப்பு அங்கேயே பதிவாகிவிடும். குழந்தைக்கு இன்னும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். சான்றிதழில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். பிறகு வந்து பெயர் சேர்க்க வேண்டும். அதற்குள் குடும்பம் வேறு மாவட்டத்துச் சூளைக்குப் போய்விட்டால் அந்தக் கட்டம் வெறுமையாகவே நிற்கும். அம்மாவும் அப்பாவும் பிறந்தது குடிசையில். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய நிர்வாகத்துறை நடுவரின் ஆணை வேண்டும். முப்பது வயதுக் கூலியாள் தான் பிறந்ததற்கு ஆணை வாங்க வேண்டும் என்றால் அவர் எத்தனை நாள் கூலியை விட வேண்டும்?

பிறப்புச் சான்று இல்லாமல் ஆதார் தள்ளிப்போகிறது. ஆதாரும் முகவரிச் சான்றும் இல்லாமல் குடும்ப அட்டை தள்ளிப்போகிறது. 1997இல் நடுவண் அரசு ரேஷனை வறுமைக்கோட்டால் இரண்டாகப் பிரித்தபோது, அட்டை உள்ள எல்லாருக்கும் அரிசி என்ற முறையைத் தமிழ்நாடு கைவிடவில்லை. அது பெருமைக்குரிய முடிவு. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: அட்டை வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் குடும்ப அட்டைதான் அடிப்படை. அட்டை இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாயும் இல்லை. ஒரு தாளில் விடுபட்டவர் அடுத்த தாளிலும் விடுபடுகிறார். ஒவ்வொரு அலுவலகமும் தன் மேசையில் விதி மீறப்படவில்லை என்று உண்மையாகவே சொல்ல முடியும். எல்லா மேசையும் சரியாக இருக்க, மேசைகளைச் சுற்றி வந்த குடும்பம் மட்டும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறது.

இந்தத் தொடரில் மிகக் கடினமான கண்ணி சாதிச் சான்றிதழ். 1989 நவம்பர் 11 முதல் தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து வருவாய்க் கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. பட்டியல் சாதிச் சான்று வட்டாட்சியரோடு முடிந்துவிடும். பழங்குடிச் சான்று கோட்டத்துக்குப் போக வேண்டும். காணைப் பக்கத்துக் குழந்தைக்கு விழுப்புரம். மயிலம், ஒலக்கூர் பக்கத்துக் குழந்தைக்குத் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகம். இடையில் வி.ஏ.ஓ. எனப்படும் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, ஆர்.ஐ. எனப்படும் வருவாய் ஆய்வாளரின் அறிக்கை, வட்டாட்சியரின் பரிந்துரை. எந்தப் படியில் கோப்பு நின்றாலும் நின்றதுதான்.

இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பழங்குடி அல்லாதவர்கள் பழங்குடிச் சான்று வாங்கிக் கல்லூரி இடங்களையும் அரசு வேலைகளையும் எடுத்துக்கொண்டார்கள். 1994இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்றிதழ்களின் மெய்த்தன்மையை ஆராயக் குழுக்கள் அமைக்கும்படி சொன்னதும் இதனால்தான். திருடனுக்காகப் போட்ட பூட்டு அது. ஆனால் வசதியுள்ள போலியிடம் பள்ளிச் சான்று இருக்கும், பத்திரம் இருக்கும், பரிந்துரை இருக்கும். உண்மையான இருளரிடம் எதுவும் இருக்காது. பூட்டு போட்டதில் உள்ளே போக முடியாமல் போனவர் வீட்டுக்காரரே.

ஆவணம் இல்லையென்றால் என்ன செய்வது? 2011இல் ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்கு அதிக மதிப்பு உண்டு என்றது. குல வழக்கங்களைக் கேட்டுப் பார்க்கும் இனப்பண்புச் சோதனையை மட்டும் உரைகல்லாகக் கொள்ளக்கூடாது என்றும் சொன்னது. 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்தை மேலும் உறுதிப்படுத்தியது. தலைமுறை மாறினால் பழக்கம் மாறும் என்ற எளிய உண்மையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எலி பிடிக்கத் தெரியுமா, பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டு அவன் குலத்தை முடிவு செய்வது நியாயம் அல்ல என்பதற்கு இப்போது சட்டத் துணை இருக்கிறது. ஆனால் தீர்ப்பின் மறுபாதி, விடுதலைக்கு முந்தைய தாளுக்குக் கொடுத்த மதிப்பு, இருளருக்கு எட்டாக் கனி. பாட்டன் பள்ளிக்குப் போயிருந்தால்தானே பாட்டனின் பள்ளிச் சான்று இருக்கும்?

தமிழ்நாட்டில் 1990 முதல் பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. பல போராட்டங்களுக்குப் பின் வந்தது அது. சான்றிதழ் இல்லாத இருளர் மாணவிக்கு அந்த ஒரு விழுக்காட்டில் இடம் கிடையாது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் எப்படியோ படித்துவிடலாம். அதன் பிறகு கல்வி உதவித்தொகை, விடுதி, கல்லூரி விண்ணப்பம் என்று ஒவ்வொரு வாசலிலும் அந்த ஒரு தாளைக் கேட்பார்கள். பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு சூளைக்குப் போகும் ஆண்டு பெரும்பாலும் அதுதான்.

கரை யாருடையது

வீட்டுமனைப் பட்டா அடுத்த கண்ணி. ஏரிக்கரையும் ஓடைக்கரையும் நீர்நிலைப் புறம்போக்கு. நீர்நிலைகளைக் காக்க நீதிமன்றங்கள் தொடர்ந்து ஆணையிட்டிருக்கின்றன. 2007இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் வந்தது. ஏரிகளைக் காப்பது தேவை. விழுப்புரம் மாவட்ட வேளாண்மையே ஏரிகளால் உயிர் வாழ்வது. ஆனால் பயிர் செய்ய ஏரியின் உள்வாயை வளைத்தவரும், வேறு எங்கும் இருக்க விடாததால் கரையோரம் கூரை போட்டவரும் ஏட்டில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள்: ஆக்கிரமிப்பாளர்.

பட்டா இல்லாத இடத்தில் தொகுப்பு வீடு கட்ட முடியாது, மின் இணைப்பு எளிதில் வராது, முகவரியும் நிலைக்காது. 2023 நவம்பர் 15 அன்று நடுவண் அரசு இந்த 75 குழுக்களுக்கென்றே பி.எம். ஜன்மன் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒதுக்கீடு 24,104 கோடி ரூபாய். 4.9 இலட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 2.39 இலட்சம் ரூபாய் என்பது அதன் கணக்கு. திட்டம் நல்லது, தொகையும் பெரியது. ஆனால் வீடு கட்டக் கால் வைக்க இடம் வேண்டும். இடத்துக்குப் பட்டா வேண்டும். பணம் தில்லியிலிருந்து வந்துவிடும்; மனையைத் தேடி அளந்து கொடுக்க வேண்டிய வேலை அந்தந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. ஏரிக்கரையிலிருந்து எழுப்பி, பிழைப்பே இல்லாத பொட்டல் வெளியில் கொண்டுபோய் விட்டால் அந்த வீடு பூட்டியே கிடக்கும். வயலும் ஏரியும் எட்டும் தூரத்தில் மனை தர வேண்டும்.

விடுபடாத ஏடுகள்

இதுவரை சொன்னதை வைத்து, அரசின் கண்ணுக்கே படாத மக்கள் இருளர் என்று முடிவு செய்தால் அது பிழை. அவர்கள் பெயர் தவறாமல் இருக்கும் ஏடுகள் உண்டு.

முதலாவது, முதலாளியின் கணக்கு நோட்டு. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது, நோய்க்கோ திருமணத்துக்கோ பசிக்கோ வாங்கிய முன்பணம் அதில் இருக்கும். 'அட்வான்ஸ் வாங்கியிருக்கோம், கழிச்சிட்டுத்தான் போவணும்' என்பது இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் தன் நிலையைச் சொல்லும் வாசகம். மழை நின்றதும் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சூளையிலோ கரி மூட்டத்திலோ கரும்புத் தோட்டத்திலோ இறங்குவார்கள். கூலி, தீனிக்காசு போகக் கழிக்கப்பட்டு, கடன் மட்டும் அடுத்த ஆண்டுக்கு நகரும். அந்த நோட்டில் யார் பெயரும் விடுபட்டதில்லை; ஐந்நூறு ரூபாய்கூட விடுபட்டதில்லை.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதை முற்றாகத் தடை செய்தது. அந்தக் கடன்கள் சட்டத்தின் முன் செல்லாக் கடன்கள். மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் தர வேண்டும். 2016இல் திருத்தியமைக்கப்பட்ட நடுவண் அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஓர் இலட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு இலட்சம், மிகக் கொடிய நிலைகளில் மூன்று இலட்சம் ரூபாய் என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் முழுத் தொகையும் கிடைப்பது முதலாளி மீதான வழக்கு தண்டனையில் முடிவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். உடனடி உதவித்தொகை கரைந்த பிறகு, அட்டையும் பட்டாவும் இல்லாத குடும்பம் அடுத்த மழைக்கு மீண்டும் முன்பணம் கேட்டு நிற்கும். தளையிலிருந்து விடுபட்டவரை மீண்டும் தளைக்குள் தள்ளுவது பட்டியலிலிருந்து விடுபட்டிருப்பதுதான். சொல்லின் இரு பொருளும் ஒன்றோடொன்று முட்டுவது இந்த இடத்தில்.

இரண்டாவது ஏடு காவல் நிலையத்தில் இருக்கிறது. ஊரில் திருட்டுப் போனால் சந்தேகத்தின் பேரில் இருளர் குடியிருப்புக்கு வண்டி வருவதும், முடிக்க முடியாத வழக்குகளை அவர்கள் தலையில் கட்டுவதும் மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து பதிவு செய்துவந்த உண்மை. 1993இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அத்தியூரில், புதுச்சேரிக் காவலர்கள் ஓர் இருளர் இளம்பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக எழுந்த வழக்கு பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு காவலர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி.மண்டபத்தில், திருட்டு வழக்கு விசாரணை என்று அழைத்துச் செல்லப்பட்ட நான்கு இருளர் பெண்கள் காவலர்கள் மீது அதே கொடுமையைப் புகாராகச் சொன்னார்கள். ரேஷன் கடைக்கு முகவரி தெரியாத குடிசைக்குக் காவல் வண்டி இரவிலும் வழி தெரிந்து வந்தது.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இருளரின் பாம்பறிவு நாட்டுக்குத் தெரியும். பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டுப் பிழைப்புப் போனபோது, ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துக் கொடுத்து, நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அடிப்படையாக நிற்கிறார்கள் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கத்தார். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே குலத்தின் பிள்ளை சாதிச் சான்று கேட்டு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 'விடுபடல்' எப்படி நடக்கிறது என்பது தெளிவாகும். இருளரிடமிருந்து எதையேனும் பெறுவதற்கான ஏடுகளில், அது உழைப்பாகவோ வழக்கைக் கட்டுவதற்கான ஓர் ஆளாகவோ நஞ்சாகவோ இருக்கலாம், அவர்கள் பெயர் இருக்கிறது. அவர்களுக்குக் கொடுப்பதற்கான ஏடுகளில்தான் பெயர் விடுபடுகிறது. தளத்தில் விரிசல் எங்கு வேண்டுமானாலும் விழும். இது ஒரே பக்கம்தான் விழுகிறது.

மலையகத்தின் பாடம்

இந்த ஒருபக்க மறதி தமிழருக்குப் புதிதல்ல. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்தவரும் தன் தந்தை அங்கே பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களில் பிறந்தவர்களுக்கு ஏது பிறப்புப் பதிவு? சுமார் ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அவர்கள் பெயர்கள் செக்ரோல் எனப்படும் தோட்டத்து வருகைப் பதிவேட்டில் நாள் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தன. எத்தனை இறாத்தல் கொழுந்து என்பதுவரை கணக்கு இருந்தது. குடியுரிமைக்கு அந்த ஏடு செல்லவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி உடன்பாடு 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு முழுத் தீர்வு 2003இல் வந்த சட்டத்தால்தான் கிடைத்தது. அந்தச் சட்டம் செய்தது எளிய ஒரு மாற்றம். 1964 முதல் நாட்டில் நிலையாக வாழ்ந்தவரும் அவர் வழிவந்தவரும் குடிமக்கள் என்று அது எடுத்துக்கொண்டது. முப்பாட்டனின் தாளைக் கேட்பதை நிறுத்தியதும் அரை நூற்றாண்டுச் சிக்கல் அவிழ்ந்தது.

உலகில் அரசு அடையாளச் சான்று எதுவும் இல்லாதவர்கள் ஏறத்தாழ 85 கோடிப் பேர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. 2030க்குள் பிறப்புப் பதிவு உட்பட எல்லாருக்கும் சட்டப்பூர்வ அடையாளம் என்பது ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. இலக்கு எட்டுமா என்பது நியூயார்க்கில் முடிவாகாது. ஒலக்கூரிலும் காணையிலும் வி.ஏ.ஓ. அறிக்கையில் என்ன எழுதுகிறார் என்பதில் முடிவாகும்.

யார் மெய்ப்பிக்க வேண்டும்

திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி என்று அறியப்படும் பிரபா கல்விமணி, இயற்பியல் ஆசிரியராக இருந்தவர், அத்தியூர் வழக்கைக் கையில் எடுத்ததிலிருந்து இருளர்களோடு நின்றார். அந்தப் போராட்டங்களின் ஊடாக எழுந்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், கொத்தடிமை மீட்பு, பொய் வழக்கு எதிர்ப்பு, சாதிச் சான்று, மனைப்பட்டா என்று பல ஆண்டுகளாக ஒரே வாசல்களைத் தட்டி வருகிறது. அந்தப் பணியின் பயன் ஆயிரக்கணக்கான வாழ்க்கைகளில் இருக்கிறது. ஆனால் ஒரு குடிமகன் தன் குழந்தைக்குச் சான்று வாங்க ஒரு சங்கமும் ஒரு போராட்டமும் தேவைப்படும் நிலையே தவறு. 2021 நவம்பர் 2 அன்று இருளரைப் பற்றிய 'ஜெய் பீம்' திரைப்படம் வெளிவந்து நாடு முழுவதும் பேச்சானது. நவம்பர் 4 அன்று மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் சென்று பட்டாக்களும் சான்றிதழ்களும் வழங்கினார். அந்தத் தாள்களைத் தர முடியும் என்பது அன்று தெரிந்தது. விதி அதேதான், சட்டம் அதேதான். தேடிப் போனார்கள், கிடைத்தது.

அந்த ஒரு நாளை முறையாக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் மெய்ப்பிக்கும் பொறுப்பை இடம் மாற்ற வேண்டும். இதற்கு நம் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அது அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மேல் வைக்கிறது. தாள் இல்லாதவரிடம் தாள் கேட்கக்கூடாது என்ற அறிவு அதில் இருக்கிறது. இருளர் குடியிருப்பில் பிறந்த குழந்தைக்கும் அதே அறிவைப் பயன்படுத்தலாம். உறவினர் ஒருவருக்குச் சான்று இருந்தால், அல்லது குடியிருப்பே இருளர் குடியிருப்பு என்று வருவாய்த் துறை முன்பே ஏற்றிருந்தால், சான்று தருவது இயல்பு என்றாக வேண்டும். மறுப்பவர்தான் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

போலிகள் நுழைந்துவிடுவார்களே என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் போலிகள் குறி வைப்பது மருத்துவக் கல்லூரி இடத்தையும் உயர் பதவியையும்தான். மாதுரி பாட்டீல் தீர்ப்பு சொன்ன ஆய்வுக் குழுக்கள் அந்த வாசலில் கடுமையாக நிற்கட்டும். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளையின் வாசலில் அதே கடுமை எதற்கு? ஏரிக்கரைக் குடிசையில் பிறந்த குழந்தையாக யாரும் போலி வேடம் போடப் போவதில்லை.

அடுத்து, காலம். சூளைகள் ஓடும் கோடையில் ஊரில் முகாம் போட்டால் யார் வருவார்கள்? மழைக்காலத்தில், சூளை அணைந்து குடும்பங்கள் ஊர் திரும்பியிருக்கும் மாதங்களில், கோட்டாட்சியரே குடியிருப்புக்குப் போக வேண்டும். பிறப்புப் பதிவு, ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று நான்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வருவதென்றால் ஒருநாள் கூலியும் பேருந்துக் காசும் போகும். சிதறிக் கிடப்பவர்களை எங்கே போய்த் தேடுவது என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று வடமாவட்டங்களின் இருளர் மாமல்லபுரம் கடற்கரையில் திரண்டு கன்னியம்மனை வழிபடுகிறார்கள். கடற்கரையிலேயே தங்கி, மணல் கோயில் அமைத்து, பெண் பார்த்து, திருமணம் முடித்து, பிள்ளைகளுக்குக் காது குத்திப் போகிறார்கள். தங்கள் குலத்தை ஒருவருக்கொருவர் அங்கே அவர்கள் ஆண்டுதோறும் உறுதி செய்துகொள்கிறார்கள். எந்த ஆய்வுக் குழுவின் அறிக்கையையும்விட அது உறுதியான சான்று. அவர்கள் வழிபாட்டுக்கு இடையூறு இல்லாமல், அவர்கள் சம்மதத்தோடு, ஒதுக்குப்புறமாக ஒரு பதிவு மேசை போட மாவட்ட நிர்வாகங்களால் முடியும்.

கடைசியாக, எண்ணும் முறை மாற வேண்டும். முகாம் முடிந்ததும் இத்தனை சான்றுகள் வழங்கப்பட்டன என்று செய்தி வருகிறது. கொடுத்ததை எண்ணினால் எந்த முகாமும் வெற்றிதான். இந்த ஊராட்சியில் இன்னும் எத்தனை வீட்டில் சான்று இல்லை, எத்தனை வீட்டில் அட்டை இல்லை, எத்தனை வீட்டில் பட்டா இல்லை என்ற எண்ணை ஒவ்வொரு கிராம சபையிலும் படிக்க வேண்டும். அந்த எண் குறைந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

அதோடு நம் அலுவலகத் தமிழையும் திருத்திக்கொள்ளலாம். 'விடுபட்டனர்' என்று எழுதுவதற்குப் பதில் 'விட்டுவிட்டோம்' என்று எழுதினால் வாக்கியத்துக்குள் ஓர் எழுவாய் வந்துவிடும். எழுவாய் வந்தால் கேள்வி கேட்க ஓர் ஆள் கிடைப்பார். எந்த மேசை, எந்தத் தேதி, ஏன் என்று கேட்கலாம். அந்தக் கேள்விகளுக்கு ஒரு கோட்டாட்சியர் பதில் எழுதத் தொடங்கும் நாளில், ஏரிக்கரையிலிருந்து சூளைக்குப் போகாமல் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பற்றி அந்தச் சொல்லை அதன் நல்ல பொருளில் நாம் எழுத முடியும்.